அல்காட்ராஸுக்குப் பகல் டிக்கெட்டா, ராத்திரி டிக்கெட்டா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கி, தூக்கம் ஒரு வழிக்கு வந்து, கோல்டன் கேட் பாலத்தில் நின்று போட்டோவும் எடுத்து முடித்த இரண்டாவது வாரம் பே ஏரியாவில் பல தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு வரும்: அந்தத் தண்ணிக்கு நடுவில் தெரிகிற ஜெயிலுக்கு எப்போது கூட்டிப் போகிறாய்? சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கிற அல்காட்ராஸ் என்ற பழைய சிறைத் தீவைத்தான் சொல்கிறார்கள். சரி என்று டிக்கெட் தேட உட்கார்ந்தால் பகல் டூர், நைட் டூர், ‘பிஹைண்ட் த சீன்ஸ்’ என்று ஒன்று, போதாததற்குப் பஸ்ஸும் படகும் சேர்த்துக் கட்டிய காம்போ பாக்கேஜ்கள், தீவைச் சுற்றி மட்டும் காட்டுகிற படகுகள் என்று வந்து விழும். எல்லாவற்றிலும் அதே தீவு, அதே படம்.

நான் இதுவரை நான்கு தடவை போயிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் நண்பர்களோடு ஒரு தடவை, மனைவியோடு ராத்திரியில் ஒரு தடவை, தனியாக அந்த ‘பிஹைண்ட் த சீன்ஸ்’ ஒரு தடவை, கடைசியாகப் போன வருஷம் அப்பா அம்மாவோடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், பகல் டிக்கெட் எடுங்கள், காலையில் கிளம்புகிற முதல் படகாகப் பார்த்து எடுங்கள். ராத்திரி டூர் மட்டம் என்பதால் சொல்லவில்லை. உண்மையில் அதுதான் அழகு. ஆனாலும் பகல்தான், ஏன் என்று சொல்கிறேன்.

தீவில் கால் வைக்க ஒரே வழி சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘பியர் 33’ என்கிற படகுத் துறையிலிருந்து கிளம்பும் படகு. தேசியப் பூங்காத் துறையின் ஒப்பந்தத்தில் ஓடுகிற அந்த ஒரு நிறுவனத்துக்குத்தான் இறக்கிவிட அனுமதி. பகல், ராத்திரி, ‘பிஹைண்ட் த சீன்ஸ்’ மூன்றுமே அவர்களுடையவைதான். மூன்றிலும் சிறைக் கட்டடத்துக்குள் காதில் மாட்டிக்கொண்டு நடக்கிற ஆடியோ டூர் டிக்கெட்டிலேயே அடக்கம். சுமார் முக்கால் மணி நேரம் ஓடும் அந்த ஒலிப்பதிவுதான் இந்தப் பயணத்தின் உயிர். அங்கே வேலை பார்த்த காவலர்கள், உள்ளே கிடந்த கைதிகள் சிலர், தங்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள். கதவு அறையும் சத்தம், பூட்ஸ் சத்தம், சாப்பாட்டுக் கூடத்துத் தட்டுச் சத்தம் எல்லாம் பின்னால் கேட்கும். ஆகவே கூடுதலாக எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்த முக்கியமான பங்கு மாறப்போவதில்லை. மாறுவது அதைச் சுற்றி உங்களுக்குக் கிடைக்கிற நேரமும் வெளிச்சமும் கூட்டமும்தான்.

பகல் டிக்கெட்டில் போகிற படகின் நேரம் மட்டும்தான் போட்டிருக்கும். திரும்பி வருவதற்கு நேரம் கிடையாது, அன்றைய கடைசிப் பகல் படகு வரைக்கும் எதில் வேண்டுமானாலும் ஏறி வரலாம். படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. படகு நிற்கிற துறையிலிருந்து மேலே சிறைக் கட்டடம் வரை ஏறத்தாழ 130 அடி உயரம், கால் மைல் தூரம், வளைந்து வளைந்து ஏறுகிற செங்குத்தான பாதை. 13 மாடி ஏறுவதற்குச் சமம் என்பார்கள். திருச்சி மலைக்கோட்டையில் பாதி என்று நான் அம்மாவுக்குச் சொல்லிவைத்தேன், கணக்கு ஏறக்குறைய சரிதான், படிக்கட்டுக்குப் பதில் சரிவு. ஏறவே முடியாதவர்களுக்கு மின்சார வண்டி ஒன்று விடுகிறார்கள். அதில் இடம் கொஞ்சம்தான், இறங்கியவுடன் அங்கே நிற்கிற ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மா கௌரவம் பார்த்து வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

அந்த மெதுவான ஏற்றத்தில்தான் அப்பாவுக்கு இந்தத் தீவு பிடித்துப்போனது. துறைக்கு எதிரே பழைய கட்டடத்தில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் பெனிடென்ஷியரி’ என்ற அரசாங்கப் பலகை, அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் கையால் எழுதிய ‘இந்தியன்ஸ் வெல்கம்’. அப்பா நின்று படித்துவிட்டு, “பரவாயில்லையே, நம்மளை வரவேற்று எழுதியிருக்கானே” என்றார். அது நாம் இல்லை அப்பா, அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று சொல்லி, சிறை மூடிய பிறகு 1969 நவம்பரில் அவர்கள் இந்தத் தீவைக் கைப்பற்றி 19 மாதம் இங்கேயே குடியிருந்து போராடிய கதையைச் சொன்னேன். அதற்கும் வெகு காலம் முன்னால், 1895-இல், இது ராணுவச் சிறையாக இருந்தபோது, பிள்ளைகளை அரசாங்க உறைவிடப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று அடம் பிடித்த ஹோப்பி இனத்து ஆண்கள் 19 பேரைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள். அப்பா எல்.டி.சி. என்கிற ஆபீஸ் பயணச் சலுகையில் அந்தமான் போய் செல்லுலார் ஜெயிலைப் பார்த்தவர். கிளம்பும்போது, “அது தேசத்துக்காக உள்ளே போனவங்க ஜெயில், இது ரவுடிங்க ஜெயில், இதுல என்ன பார்க்க இருக்கு” என்றுதான் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஹோப்பி கதையைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது.

உள்ளே ஆடியோ டூர் கொடுக்கும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு, நம்மவர்களுக்கு அதுதான் பெரிய சிக்கல். ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் என்று பல மொழிகளில் கிடைக்கும், தமிழ் இல்லை. அமெரிக்கக் காவலர்களும் கைதிகளும் அவரவர் ஊர் உச்சரிப்பில் வேகமாகப் பேசுகிற ஆங்கிலம், ஆபீசில் முப்பது வருஷம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதிய அப்பாவுக்கே பாதிதான் பிடிபட்டது. அம்மா இரண்டு நிமிடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இதற்கு நாங்கள் கண்ட வழி: ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் கேட்டு முடிக்கிற வரை அவர்கள் சுற்றிப் பார்ப்பது, பிறகு என் கருவியை நிறுத்திவிட்டுத் தமிழில் கதை சொல்வது, அப்புறம் அடுத்த இடம். முக்கால் மணி நேர டூர் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ராத்திரி டூரில் இதைச் செய்ய நேரம் இருக்காது. நான் பகலுக்கு ஓட்டுப் போடுவது இதற்காகத்தான்.

கதை சொல்ல நிறைய இருக்கிறது என்பதால் முன்கூட்டியே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். 1934-இல் மத்திய அரசுச் சிறையாகி 1963-இல் மூடும் வரை மொத்தம் சுமார் 1,500 சொச்சம் பேர்தான் இங்கே இருந்திருக்கிறார்கள். மற்ற சிறைகளில் அடங்காதவர்களை அனுப்புகிற இடம். ஒரு அறை அகலம் 5 அடி, நீளம் 9 அடி. அம்மா உள்ளே போய் இரண்டு கையையும் நீட்டி இரண்டு சுவரையும் தொட்டுப் பார்த்தாள், நம்ம வீட்டு பூஜை அறை இதைவிடப் பெரிசு என்றாள். சிகாகோ தாதா அல் கபோன் வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டி இங்கே வந்து, சிறை இசைக் குழுவில் பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்தார் என்றதும் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

எல்லோரையும் கட்டிப்போடுகிற இடம் ‘பி’ பிளாக்கில் அந்த மூன்று அறைகள். 1962 ஜூன் 11 ராத்திரி ஃபிராங்க் மோரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும் தப்பித்த இடம். கரண்டியும் கையில் கிடைத்ததும் கொண்டு காற்றுத் துளையைச் சுற்றிச் சுவரைச் சுரண்டி, சோப்பும் கடதாசியும் சிமெண்டுத் தூளும் குழைத்துத் தலை செய்து, முடிதிருத்துகிற இடத்திலிருந்து கொண்டுவந்த முடியை ஒட்டி, அதைப் படுக்கையில் வைத்துப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மழைக்கோட்டுகளை ஒட்டித் தெப்பம். நான்காவதாகச் சேர்ந்திருந்த ஆலன் வெஸ்ட் மட்டும் தன் துளையைச் சமயத்துக்குப் பெரிதாக்க முடியாமல் உள்ளேயே தங்கிவிட்டார். போன மூன்று பேர் கரை சேர்ந்தார்களா மூழ்கினார்களா என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. அந்தப் பொம்மைத் தலைகளின் மாதிரிகளை அறைக்குள் படுக்கவைத்துக் காட்டுகிறார்கள். அப்பா அங்கே நின்றுவிட்டார், பின்னால் வந்த கூட்டம் மூன்று தடவை எங்களைத் தாண்டிப் போனது.

பகலின் குறை கூட்டம்தான். மத்தியானம் போனால் ‘பிராட்வே’ என்று பெயர் வைத்த அந்த நடு நடையில் ஹெட்ஃபோன் மாட்டிய நூறு பேர் ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பி, வேடிக்கையாக இருக்கும், ஆனால் சிறை மாதிரி இருக்காது. காலை முதல் படகில் போனால் முதல் ஒரு மணி நேரம் கட்டடம் ஓரளவு காலி. அந்த டிக்கெட்டுக்கு விலை கூடுதல் கிடையாது, அதிகாலை எழுந்து கிளம்புவதுதான் கூடுதல் செலவு.

ராத்திரி டூருக்கு வருவோம். விலை பகலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பகல் 50 டாலரை ஒட்டி என்றால் இது 60-ஐ ஒட்டி. எல்லா நாளும் கிடையாது, ஆட்களும் குறைவு. படகே தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, கதை சொல்லிக்கொண்டே கொண்டுபோய் இறக்கும். இறங்கியதும் ஆள் கூடவே வந்து மேலே வரை அழைத்துப் போவார்கள். உள்ளே ஆடியோ டூர் முடிந்த பிறகு சின்னச் சின்னப் பேச்சுகள் நடக்கும், சிறையின் மருத்துவப் பகுதி சில நாள் திறந்திருக்கும். கோடியில் இருக்கிற பெட்டிக்குள் நெம்புகோலை இழுத்து ஒரு வரிசைக் கதவுகளை ஒரே அடியாகச் சாத்திக் காட்டுவார்கள். அந்தச் சத்தம் கட்டடம் முழுக்க ஓடித் திரும்பி வரும். முதுகுத் தண்டில் ஏறும் என்றால் மிகையில்லை.

அதைவிட எனக்கு மறக்காதது ஜன்னல். பொழுது சாய்ந்து கோல்டன் கேட் பாலத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கி, எதிரே சான் ஃபிரான்சிஸ்கோ விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். நகரம் அவ்வளவு கிட்டத்தில், ஒன்றேகால் மைல்தான். புத்தாண்டு ராத்திரி காற்று இந்தப் பக்கம் அடித்தால் கரையில் நடக்கிற விருந்தின் சிரிப்புச் சத்தம் அறைக்குள் கேட்கும் என்று ஒரு குரல் ஆடியோவில் சொல்கிறது. அதை மத்தியான வெயிலில் கேட்டபோது எனக்கு ஒரு தகவல். ராத்திரியில் கேட்டபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் படகு ஏறுவதில் தொடங்கித் திரும்பி வருவது வரை மொத்தமே இரண்டரை மணி நேரம் போலத்தான். மேலே ஏறி, ஆடியோ கேட்டு, ஒரு பேச்சில் உட்கார்ந்தால் கீழே இறங்கச் சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவர்களுக்கும், நிறுத்தி நிறுத்திக் கதை சொல்கிறவர்களுக்கும் இது போதாது. குளிர் வேறு. கணவன் மனைவி போகிறீர்களா, ஆங்கிலம் தடையில்லையா, நண்பர்கள் நான்கு பேரா, கண்ணை மூடிக்கொண்டு ராத்திரி எடுங்கள், நான் சொன்ன பகல் கதையெல்லாம் உங்களுக்கு இல்லை.

‘பிஹைண்ட் த சீன்ஸ்’ நூறு டாலரை ஒட்டி வரும். பிற்பகலில் கிளம்பி, சின்னக் குழுவாக வழிகாட்டியோடு பொதுமக்களுக்குப் பூட்டியிருக்கிற இடங்களுக்குப் போய்விட்டு, பிறகு ராத்திரி டூரோடு சேர்ந்துகொள்வது. ஆகவே இரண்டு டூருக்கான காசு என்று பார்த்தால் அநியாயம் இல்லை. சிறைக்கு அடியில் 1850-களில் கட்டிய பழைய ராணுவக் கோட்டையின் மிச்சம், சுரங்க வழி, தோட்டங்கள் என்று அன்றன்றைக்கு எது திறந்திருக்கிறதோ அது. எனக்குப் பிடித்தது, காரணம் நான் இரண்டு தடவை பார்த்தவன். முதல் தடவையே இதை எடுத்தால் அல் கபோன் அறையைப் பார்க்கும் முன் பீரங்கி மேடைக் கதையைக் கேட்டு அலுத்துவிடும். நாலைந்து மணி நேரம் நின்றும் நடந்தும் ஆக வேண்டும், குழு போகிற வேகத்துக்குப் போக வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதியும் இல்லை. பெற்றோருக்கு வேண்டவே வேண்டாம்.

இனி ஏமாறுகிற இடங்கள். ‘அல்காட்ராஸ் க்ரூஸ்’ என்று பெரிதாகப் போட்டு, தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிற படகுகள் உண்டு. அவை மோசடி இல்லை, இறக்கமாட்டோம் என்று எங்கோ சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. நண்பர்களோடு போன முதல் தடவை நான் மாட்டியது வேறு மாதிரி. கோடை விடுமுறையில் நேரடி டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோய், ஏதோ ஒரு தளத்தில் நகரச் சுற்றுலாப் பஸ்ஸோடு சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினேன். பஸ் ஒரு மூலையில், படகு இன்னொரு மூலையில், நடுவில் சாப்பிட நேரமில்லை, கடைசியில் பஸ்ஸில் ஏறவே இல்லை. நேரடி டிக்கெட் மூன்று மாதம் முன்னாலேயே திறந்துவிடும். அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் போடுகிற அன்றே இதையும் போட்டுவிடுவது உத்தமம். தேசியப் பூங்கா வருடாந்தரப் பாஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். தீவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, காசு படகுக்குத்தான், எனவே அந்தப் பாஸ் இங்கே செல்லாது. 62 வயதுக்கு மேல் கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

டிக்கெட் கிடைக்கவே இல்லை என்றால் இரண்டு மடங்கு கொடுப்பதற்குப் பதில் ஏஞ்சல் ஐலண்டைப் பாருங்கள் என்பேன். அதுவும் அதே விரிகுடாவில்தான், ஃபெரி பில்டிங்கிலிருந்து படகு இருக்கிறது. 1910 முதல் 1940 வரை பசிபிக் வழியாக வந்த குடியேறிகளை நிறுத்தி வைத்து விசாரித்த நிலையம் அங்கே இருக்கிறது. சிறை என்று பெயர் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் மாதக்கணக்கில் உள்ளே கிடந்த சீனர்கள் மரச் சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்னும் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து வந்தவர்களையும் அங்கே அடைத்திருக்கிறார்கள். எச்1பி முத்திரைக்காகத் தூதரக வாசலில் நின்றவர்களுக்கு அந்தச் சுவர் வேறு மாதிரி படும். அல்காட்ராஸ் அளவுக்குப் பரபரப்பு இல்லை, அதனாலேயே கூட்டமும் இல்லை.

மற்றவை சீக்கிரமாக. ஜூலை மாதம்தானே என்று பருத்திப் புடவையோடு கூட்டிப் போகாதீர்கள், கோடையில்தான் பனியும் காற்றும் அதிகம். ஸ்வெட்டர், காதை மூடுகிற குல்லா, செருப்புக்குப் பதில் ஷூ. புடவைக்குக் கீழே ஷூ போட அம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது. காரில் போனால் பியர் பக்கத்தில் பார்க்கிங் விலை டிக்கெட் விலையை நினைவுபடுத்தும். பார்ட் ரயிலில் வந்து எம்பார்கடேரோ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பழைய காலத்து ‘எஃப்’ டிராமில் போனால் பெற்றோருக்கு அதுவே ஒரு வேடிக்கை. தீவில் சாப்பாடு விற்பதில்லை, கொண்டுபோவதைக் கீழே துறைப் பக்கம் மட்டும்தான் சாப்பிடலாம், மேலே தண்ணீர் மட்டும். ஆகவே மேலே ஏறும் முன் சாப்பிட்டுவிடுங்கள், கழிப்பறைக்கும் போய்விடுங்கள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை போனால் கடற்காகங்கள் குஞ்சு பொரித்திருக்கும். தீவுக்கு 1775-இல் ஸ்பானியர்கள் பறவைகளை வைத்துப் பெயரிட்டது ஏன் என்று மூக்குக்கே புரிந்துவிடும், சில பாதைகளையும் மூடிவைத்திருப்பார்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் வானம் தெளிவு, கூட்டமும் கொஞ்சம் குறைவு.

நாங்கள் அன்றைக்கு முதல் படகில் போய், கீழே இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. துறைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அம்மா டப்பாவைத் திறந்து புளிசாதமும் வடகமும் எடுத்து வைத்தாள். ஒரு படகு வந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனது. “அடுத்ததுல போலாம்” என்றார் அப்பா. அந்த மூன்று பேர் எந்தப் பக்கமாக நீந்தியிருப்பார்கள் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார். அடுத்த படகிலும் நாங்கள் ஏறவில்லை.